'நீங்கள்' பன்மைச் சொல்தானே, ஒரே ஒருவருக்கு அது எப்படி மரியாதைச் சொல் ஆனது?

இந்தக் கேள்வியை இரண்டு நாளாகத் தள்ளிவைத்துப் பார்த்தேன், முடியவில்லை. எதிரில் நிற்பவர் ஒருவர்தான், அவரைப் பலர் போலக் கூப்பிடுவதில் என்ன மரியாதை இருக்கிறது, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட தொனியை வைத்துச் சொல்கிறேன், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டதாகத் தெரியவில்லை. யாரிடமோ இந்தச் சொல்லைச் சொல்லியோ சொல்லாமல் விட்டோ கசப்பு வந்திருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இடமாக இருக்கலாம், பெண் எடுத்த வீடாக இருக்கலாம். எனக்கு அது ஒரு காய்கறிக் கடையில் நடந்தது.

முதலில் கேட்டதற்குப் பதில். பழந்தமிழில் ஒருவர் என்றால் 'நீ', பலர் என்றால் 'நீயிர்'. தொல்காப்பியத்தில் இந்த இரண்டும் உண்டு. 'நீவிர்', 'நீர்' இரண்டும் பன்மைதான். 'நீங்கள்' அதற்கெல்லாம் பிறகு வந்தது. 'நாம்' என்பதோடு 'கள்' சேர்ந்து 'நாங்கள்' ஆனது, 'தாம்' என்பதோடு சேர்ந்து 'தாங்கள்' ஆனது. அதே வழியில் 'நீம்' என்ற பன்மையோடு 'கள்' சேர்ந்துதான் 'நீங்கள்'. அதாவது ஏற்கெனவே பன்மையாக இருந்த சொல்லின் தலையில் இன்னொரு பன்மையை ஏற்றியிருக்கிறார்கள். 'அவர்' என்பதும் பலருக்கான சொல்தான். அது ஒருவருக்கு உரிய மரியாதைச் சொல்லாக மாறியதும் பலரைச் சொல்ல வேறு சொல் தேவைப்பட்டது, 'அவர்கள்' வந்தது. பிறகு அதையும் ஒருவருக்கே கொடுத்தோம், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' என்று போடுகிறோம். இந்தக் 'கள்' ஆதியில் மனிதருக்கு உரியதே இல்லை, மாடு, மரம் போன்ற அஃறிணைப் பெயருக்குத்தான் அதைச் சொல்கிறது தொல்காப்பியம். குறளுக்கு வரும்போது மனிதர் மேலும் ஏறிவிட்டது. 263ஆம் குறளில் 'மற்றையவர்கள்' என்று இருக்கிறது, பாருங்கள்.

ஒருவரைப் பன்மையில் அழைப்பது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 'ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவி' என்று தொல்காப்பியமே இதைப் பேசுகிறது. வழக்கில் இது உயர்த்திச் சொல்லும் சொல்லாக இருக்கிறது, ஆனால் இலக்கணப்படி சொல்லும் முறை அல்ல என்கிறது. அந்தக் காலத்திலேயே சனங்கள் இப்படிப் பேசியிருக்கிறார்கள், இலக்கணம் எழுதியவரும் அதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அந்தச் சூத்திரத்தின் மேல் தனி மரியாதை உண்டு. தமிழ் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், உரையாசிரியர்களைக் கொண்டுவந்து என்னோடு சண்டைக்கு வராதீர்கள். நான் மண்டியில் கணக்கு எழுதியவன், எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

ஏன் ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனோம் என்றால், மரியாதைச் சொல் புழங்கப் புழங்கத் தேயும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் 'நீர்' இன்னும் உயிரோடு இருக்கிறது. "என்ன வே, நீரு எப்ப வந்தீரு?" என்பது சோட்டாளிகள் பேச்சு. ஒரு காலத்தில் பலருக்கு உரியதாக இருந்து, பிறகு பெரியவருக்கு ஆகி, இப்போது தோளில் கை போட்டுப் பேசுகிறவனுக்கு வந்து நிற்கிறது. என் மாமனாரிடம் 'நீரு' என்று சொன்னால் அன்றைக்கே உறவு முறிந்துவிடும். மரியாதைக்கு மேலே இன்னொன்று தேவைப்பட்டது, அந்த இடத்தில் 'நீங்கள்' வந்து உட்கார்ந்தது. தெலுங்கில் 'மீரு', கன்னடத்தில் 'நீவு', அவையும் பன்மைதான், மரியாதையும்தான்.

மலையாளத்திலும் 'நிங்ஙள்' இருக்கிறது. அதே சொல்தான், பிறந்த இடமும் ஒன்றுதான். அதில்தான் நான் விழுந்தேன்.

எனக்குச் செங்கோட்டை. முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்து, 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டுக்கு வந்த ஊர். 1994இல் எனக்கு இருபத்திரண்டு வயது. பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இங்கிருந்து முருங்கைக்காய், தடியங்காய், பல்லாரி, சின்ன வெங்காயம் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக லாரி ஏறி, புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாக விடிவதற்குள் புனலூர் போய் இறங்கும். செங்கோட்டையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். அங்கே ஒரு பெரியவர் எங்கள் மண்டிக்குப் பழைய வாடிக்கை. ஒரு மாதப் பாக்கி நின்றுபோனது. வழக்கமாக வசூலுக்குப் போகிறவருக்கு உடம்பு சரியில்லை. அண்ணாச்சி, எங்கள் மண்டி முதலாளியைத்தான் சொல்கிறேன், "நீ போய்ட்டு வாய்யா, ஒனக்குத்தான் மலையாளம் வருமே" என்று அனுப்பினார்.

எனக்கு மலையாளம் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எல்லையில் பிறந்தவன், காதில் விழுந்துகொண்டே வளர்ந்தவன். லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மலை ஏறி இறங்கும் வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பெரியவர் ஆயிற்றே, 'நீ' வாயில் வந்துவிடக்கூடாது என்பதில் மட்டும் அத்தனை கவனமாக இருந்தேன்.

கடை வாசலில் தராசு. பக்கத்தில் மர மேசை, மேசை மேல் பேரேடு. பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் வரிசையைத் தொட்டுத் தொட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நல்ல பணிவாகத்தான் சொன்னேன். "நிங்ஙள் கழிஞ்ஞ மாசத்தெ பைசா இதுவரெ தந்நில்ல."

விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். அதை மடக்கிப் பேரேட்டின் மேல் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டு, பாக்கி முழுவதையும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அப்புறம், நான் அங்கே இல்லாதது போல மகனிடமே, "ஈ பய்யனெ இனி இங்ஙோட்டு அயக்கண்டா என்னு பற" என்றார். இந்தப் பையனை இனிமேல் இங்கே அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடு என்று அர்த்தம். பணத்தை மாத்ருபூமிப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார்கள். மண்டி ஆள் யார் போனாலும் அந்தக் கடையில் ஒரு கட்டன் சாயா வரும். அன்றைக்கு வரவில்லை. சுமை இறக்குகிறவர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமல் நின்றதுதான் எனக்குப் பெரிய வலி.

திரும்பி வரும்போது ஆரியங்காவு ஏற்றத்தில் டிரைவர் கேட்டார். புளியரைக்காரர், அந்தப் பாதையில் இருபது வருசமாக ஓட்டுகிறவர். நடந்ததைச் சொன்னேன். "ஏய்யா, அவரப் போயி நிங்ஙள்னா சொன்ன?" என்றார். "அங்க பெரிய ஆளுகள அப்பிடிச் சொல்லக் கூடாதுய்யா. மொதலாளின்னு சொல்லு, சேட்டான்னு சொல்லு, சாறேன்னு சொல்லு. நீயும் வேண்டாம், நிங்ஙளும் வேண்டாம். அவரு பாக்கி வச்சிருக்காருன்னு நீ குத்திக் காட்டுனதாத்தான் அவருக்குப் பட்டிருக்கும்."

இதைப் படிக்கிற மலையாளிகள் கோபிக்க வேண்டாம். கேரளம் முழுக்க இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. வடக்கே கோழிக்கோட்டுப் பக்கம் 'இங்ஙள்' என்று பெரியவர்களையே மனசாரக் கூப்பிடுவார்கள், அதில் குறை காண யாரும் இல்லை. நான் சொல்வது தெற்கே, எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், அந்த வயதுக்காரர்களைப் பற்றி.

பிறகு வருசக் கணக்கில் இதைப் பற்றி யோசித்திருக்கிறேன். தமிழில் மரியாதையைச் சுமக்க வினைச்சொல் இருக்கிறது. வந்தான், வந்தார், வந்தார்கள். 'நீங்கள்' என்ற சொல்லை விட்டுவிட்டாலும் "எப்ப வந்தீங்க?" என்பதில் மரியாதை வந்துவிடும். மலையாளத்தில் 'வந்நு' ஒன்றுதான். நான் வந்தாலும், நீ வந்தாலும், பத்துப் பேர் வந்தாலும், மகாராஜாவே வந்தாலும் அதே 'வந்நு'. வினையில் மரியாதைக்கு இடமில்லாததால் முழுப் பாரமும் கூப்பிடுகிற சொல்லின் மேல் விழுகிறது. அதனால்தான் அவர்கள் முன்னிலைச் சொல்லையே தவிர்த்துவிட்டு உறவையோ பதவியையோ சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். சேட்டன் என்பதே அண்ணன்தான், 'ஜ்யேஷ்ட' என்ற வடசொல்லில் இருந்து வந்தது. மிக உயர்ந்தவரைச் சொல்ல 'அங்ஙு' என்பார்கள். நம் 'அங்கு' தான் அது. ஆளைத் தொடாமல் ஆள் இருக்கும் இடத்தைச் சொல்கிறார்கள். நம் பழைய கடிதங்களில் "இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்" என்று எழுதுவோமே, அதே கூச்சம், அதே பணிவு. அவர் என்பதற்கு 'அத்தேஹம்', அந்த உடம்பு என்று பொருள். எனக்கு இதெல்லாம் மிக அழகாகத் தெரிகிறது.

மரியாதை என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. கேள்வியில் நீங்கள் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அதுவும் வடசொல், 'மர்யாதா'. அதற்கு எல்லை, கரை என்று பொருள். கரைக்குள் நிற்பது, வரம்பு மீறாதது என்பதில் இருந்துதான் நன்னடத்தை, மதிப்பு என்ற பொருளெல்லாம் வந்தது. இராமனை 'மர்யாதா புருஷோத்தமன்' என்பது அவன் வரம்பைத் தாண்டாதவன் என்பதால். ('மதிப்பு' என்று தமிழில் எழுதலாமே என்று ஒருவர் வருவார். எழுதலாம். ஆனால் எங்கள் வீட்டில் மரியாதை என்றுதான் சொன்னார்கள்.) நாம் கோபத்தில் "மரியாதையா போயிடு" என்கிறோமே, அதில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. உன் எல்லைக்குள் நில் என்பதுதான் அது.

என் அப்பாவிடம் அப்படிச் சொன்னார்கள். அதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க முடியாது.

அப்பா பிரானூரில் மரக்கடையில் தடி தூக்கியவர். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தோல் காய்த்துப் போயிருக்கும், அம்மா ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுவாள். 2003இல் எங்கள் வீட்டுப் பத்திரத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தாத்தா காலத்துப் பத்திரம், மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1120, அதாவது 1944-45, முழுக்க மலையாள எழுத்து. எங்கள் பக்கத்தில் பழைய பத்திரம் வைத்திருக்கும் பல வீடுகளின் பாடு இதுதான். தமிழில் மொழிபெயர்த்து வா என்றார்கள். கொண்டுபோனால் அதில் அத்தாட்சி இல்லை என்றார்கள். அதையும் வாங்கிப் போனால் எடுத்தெழுதியதில் ஒரு சர்வே எண் விட்டுப்போயிருக்கிறது என்றார்கள். பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்குமே எவ்வளவு போனது என்று நான் எழுதி வைத்திருந்தேன். ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஊரை மாற்றியது நாங்களா? அந்தக் காகிதங்களைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆளை உட்கார வைப்பது அவர்கள் பொறுப்பு இல்லையா? இன்றைக்கும் எனக்கு இதில் கோபம் குறையவில்லை.

நாலாவது தடவை போனபோது அப்பா கொஞ்சம் சத்தமாக, "ஐயா, எத்தன தடவ வாறது?" என்று கேட்டுவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். நிமிராமலே, "மரியாதையா போய் அங்க உக்காரு, கூப்பிடும்போது வா" என்றார். அப்பாவுக்கு அப்போது அறுபத்தி மூன்று. அவர் போய் உட்கார்ந்தார். கையில் இருந்த மனுவில் மனு எழுதுகிறவர் 'தாழ்மையுடன்' என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தார்.

சாதியைப் பேசாமல் நழுவுகிறான் என்று சொல்வீர்கள். நழுவவில்லை. யாருக்கு 'நீ', யாருக்கு 'நீங்க' என்பதை எங்கள் ஊரில் சாதியும் கூலியும்தான் முடிவு செய்தன. பள்ளிக்கூடம் போகும் பெரிய வீட்டுப் பையனை என் அப்பா 'நீங்க' என்பார், அந்தப் பையன் என் அப்பாவை 'ஏ' போட்டுக் கூப்பிடுவான். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இலக்கணம் சொல்வதைவிட இந்தச் சொல்லின் வரலாறு அதில்தான் கூடுதலாக இருக்கிறது. 2021இல் பாலக்காடு மாவட்டத்தில் மாத்தூர் பஞ்சாயத்து, அலுவலகத்துக்கு வருகிறவர்கள் சார், மேடம் என்று சொல்ல வேண்டாம், மனுவில் 'அபேக்ஷிக்குன்னு' என்று கெஞ்சி எழுதவும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு அப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன்.

சரி, புனலூர் பெரியவருக்கு வருகிறேன்.

அந்த வருசம் ஓணத்துக்கு லோடு கூடுதல், கூடப் போக வேறு ஆள் இல்லை. அண்ணாச்சி போனில் பேசி, என்னையே அனுப்பினார். கடை வாசலில் நின்று, "மொதலாளி, சுகமாணோ" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "வா, இரிக்கு" என்றார். சாயா வந்தது. அன்றைக்கு நான் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னேன்: எங்கள் ஊரில் அது பெரியவர்களைக் கூப்பிடும் சொல், அதைவிட மரியாதையாக எனக்கு வேறு சொல் தெரியாது, அதனால்தான் சொன்னேன், வேறு நினைப்பு இல்லை. அவர் அதைக் கவனமாகக் கேட்டார். ஒருவரை எதற்குப் பலராக்க வேண்டும், "ஞான் ஒராளல்லே உள்ளூ" என்றார். நான் ஒருத்தன்தானே இருக்கிறேன் என்று. உண்மையாகவே கேட்டார், உங்கள் கேள்விதான். அன்றைக்கு எனக்குத் தொல்காப்பியமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. "ஒரு ஆளு எங்களுக்குப் பத்து ஆளு மாதிரி, அதான் மொதலாளி" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அதை மகனைக் கூப்பிட்டு மலையாளத்தில் சொன்னார்.

அதன் பிறகு அவர் போன் செய்தால், என்னிடம் தமிழில் பேசிப் பார்ப்பார். "நீங்க லோடு எப்போ அயக்கும்?" என்பார். என்னைவிட நாற்பது வயது மூத்தவர். வேண்டாம் மொதலாளி, நீ என்றே சொல்லுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியும் கேட்கவில்லை.

1999இல் என் கல்யாணத்துக்குச் செங்கோட்டைக்கு வந்தார், மகனோடு, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில். பந்தலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். முதலாளி என்று தெரிந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அது அவருக்குப் பழகிப்போனது. பெரியவர் அதைப் பார்த்தார். நாற்காலியை அப்பா பக்கம் நகர்த்தி, "நீங்க இரிக்கணும்" என்றார்.

அப்பா உட்காரவில்லை. "நீங்க உக்காருங்க மொதலாளி" என்றார். "இல்ல, நீங்க." "இல்ல மொதலாளி, நீங்க." அம்மா உள்ளே ஓடிப்போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போடும் வரை இரண்டு பேரும் நின்றுகொண்டேதான் இருந்தார்கள்.